மெஷின் காட்டின பேரு

இது திருச்செந்தூர் மொட்டை இல்லை அண்ணாச்சி. பஸ் ஏறினதுல இருந்து என் தலையையே பாத்துட்டு வாறீங்க, அதான் சொல்லுதேன். வெயிலுக்கு எடுத்தது. தூத்துக்குடி வெயில் உங்களுக்குத் தெரியாததா. மீசையை எதுக்கு எடுத்தேன்னு கேட்டா, தலையை எடுத்துட்டு மீசையை மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்? அந்த ஜன்னலைக் கொஞ்சம் இழுத்து விடுங்க. இடது தாடையில காத்து பட்டா வலிக்கும். உள்ளே தகடு வச்சுத் தச்சிருக்கு. நாலு பல்லு கிடையாது. ஒன்னேகால் வருஷமா சாப்பாடு வலது பக்கந்தான்.

யாரு அடிச்சான்னு கேக்க மாட்டீங்களா? எல்லாரும் கேப்பாங்க. கோவில்பட்டி போய்ச் சேர நேரங்கிடக்கு, நானே சொல்லுதேன். கோர்ட்டுல சாட்சி சொல்லிட்டுத்தான் வாறேன். இன்னைக்குக் காலையில. அந்தக் கூத்தையும் சொல்லுதேன்.

என் பேரு குருநாதன். எஸ். குருநாதன். எங்கப்பா சுடலையாண்டி. பட்டாளத்துல பதினேழு வருஷம் இருந்தேன். நம்ம இனிஷியல் கணக்கு வடக்கத்தி ஆளுகளுக்குப் புரியாது பாத்துக்கோங்க. அப்பன் பேரைக் குடும்பப் பேருன்னு எடுத்துக்கிட்டாங்க. ஜி. சுடலையாண்டின்னு ரிக்கார்டுல ஏறிப்போச்சு. பதினேழு வருஷமும் 'சுடலையாண்டி'ன்னுதான் கூப்பிட்டாங்க, நானும் போய் நின்னேன். ஒழுங்குன்னா அதுதான். எங்கப்பா செத்துப் போன செய்தி வந்துச்சே, அன்னைக்குச் சாயங்காலமும் ரோல்கால் உண்டு. 'சுடலையாண்டி'ன்னாங்க. 'ஆஜர்'னேன். பனி விழுந்து ரோடு மூடிக் கிடந்தது. லீவு கிடைச்சும் மலையை விட்டு இறங்க முடியல. ஊருக்கு வந்து சேர நாப்பது நாள் ஆச்சு. தம்பிதான் கொள்ளி வச்சான், அவன்தான் மொட்டை போட்டான். நான் வந்தப்ப அவனுக்கு முடி முளைச்சிருந்தது. நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. அப்படி ஆள் நான். கோபம்கிறது எனக்கு வரவே வராது, கை நீட்டுற பழக்கமும் கிடையாது. அதை முதல்ல தெரிஞ்சுக்கோங்க.

பட்டாளம் முடிஞ்சு வந்து, துறைமுகத்துக்குப் போற ரோட்டுல ஒரு கன்டெய்னர் யார்டுல கேட் சூப்பர்வைசரா சேந்தேன். யார்டு பேரு வேண்டாம், கேஸ் நடக்கு. முன்னாடியெல்லாம் டிரைவர் லைசென்ஸ் அட்டையை நீட்டுவான், நாங்க நோட்டுல எழுதிட்டு விடுவோம். அப்புறம் மெஷின் குடுத்தாங்க. செங்கல் அளவு இருக்கும், கனமும் செங்கல் கனம். அட்டையைச் சொருக ஒரு வாய், மேல ஒரு கண்ணாடி. இப்பத்தான் லைசென்ஸ் செல்லுலயே வந்துட்டே, பாதிப் பேரு அட்டையே கொண்டு வர்றதில்லை. செல்லை அந்தக் கண்ணாடிக்கு நேரே காட்டினா 'டொய்ங்'னு ஒரு சத்தம். பச்சை எரிஞ்சா லைசென்ஸ் நிஜம். சிவப்புன்னா போலி. கூடவே போட்டோ வரும், பேரு வரும்.

மெஷினைச் சொல்லிக் குடுக்க ஒரு அம்மா வந்துச்சு. அம்பு இருக்கு, அமுக்கினா கீழே இறங்கும், அது இதுன்னு சொல்லிட்டு இருந்துச்சு. நான் பட்டாளத்துல வயர்லெஸ் பாத்தவன், எனக்கு இதுக்கொரு வகுப்பான்னு டீ குடிக்கப் போயிட்டேன்.

பச்சை எரிஞ்சா விட்டுட வேண்டியதுதானேன்னு நீங்க கேக்கலாம். கோர்ட்டுல எதிர்த்தரப்பு வக்கீலும் அதைத்தான் கேட்டான். பச்சை எரிஞ்சா லைசென்ஸ் நிஜம்னுதான் அர்த்தம். ஆளு நிஜம்னு அர்த்தமா? முந்தின மாசம் ஒருத்தன் அண்ணன் லைசென்ஸைக் காட்டிட்டு உள்ளே வந்தான். ரிவர்ஸ் எடுக்கத் தெரியல. லோடுமேன் ஒருத்தனைச் சுவரோட சேத்து நசுக்கிட்டான். வண்டியை முன்னால எடுத்ததும் அந்த ஆளு துணி மாதிரி மடிஞ்சு கீழே வந்தாரு. குழாயைப் பிடிச்சு அந்தச் சுவரைக் கழுவ வச்சது நான்தான். மூணு தரம் கழுவியும் போகல, சுண்ணாம்பு அடிச்சோம். அன்னையில இருந்து போட்டோவையும் ஆளையும் ஒத்துப் பாக்காம ஒருத்தனையும் உள்ளே விடுறதில்லை. இதுல என் தப்பு என்ன?

பங்குனி மாசம். மதியம் ஒரு மணி இருக்கும். ஒரு டிரெய்லர் வந்து நிக்கு. டிரைவர் முப்பது வயசுக்குள்ள. இறங்கி வந்து செல்லைக் காட்டுனான். டொய்ங். பச்சை. போட்டோவைப் பாத்தா தலை நிறைய முடி, கட்டையா மீசை. முன்னால நிக்கவன் மொட்டை. மீசையும் இல்லை. பேரைப் பாத்தேன். கொண்டல்சாமின்னு பெரிய எழுத்துல இருக்கு. 'ஒன் பேரு என்னல'ன்னேன். 'வேம்புராஜ் சார்'ங்கான்.

நீங்க என்ன செய்வீங்க? முகமும் வேற, பேரும் வேற.

'அப்ப கொண்டல்சாமி யாரு'ன்னு கேட்டேன். எங்கப்பான்னான். அப்பன் லைசென்ஸைத் தூக்கிட்டு வந்துட்டியாக்கும்னேன். இல்ல சார், லைசென்ஸ் என்னுதுதான், மெஷின்ல கீழே தள்ளிப் பாருங்கன்னான். எனக்கே சொல்லித் தாறான். அப்பன் போட்டோ அவ்வளவு இளவட்டமாவா இருக்கும்னு வக்கீல் இன்னைக்குக் கேட்டான். பழைய போட்டோவா இருக்கும்னு நினைச்சேன், அதுல என்ன? ஒரு மனுசன் மொட்டையும் மீசை இல்லாமலும் நின்னா தெரியாதா சாருன்னும் கேட்டான். நான் மெஷினைப் பாப்பேனா, அவன் மண்டையைப் பாப்பேனா? என் வேலை மெஷினைப் பாக்கது.

'உங்கப்பனைக் கூப்பிடு, அவனே வந்து வண்டியை எடுத்துட்டுப் போகட்டும்'னேன். அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, 'அவர் வரமாட்டாரு சார்'னான். 'ஏன் வரமாட்டான், எங்கயும் தண்ணி போட்டுட்டுக் கிடக்கானா'ன்னு கேட்டேன். தமாஷுக்குத்தான் அண்ணாச்சி. கேட்டுல நின்னவன் எல்லாம் சிரிச்சான். அவன் மட்டும் சிரிக்கல. மூஞ்சி கறுத்துப் போச்சு. அப்பவே எனக்குத் தெரியும், இவன் ஆளு சரியில்லைன்னு.

வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன். எங்க கேட்டுல மைக்கு உண்டு, வேப்பமரத்துல புனல் ஸ்பீக்கர் கட்டியிருக்கும். வரிசை ஒரு கிலோமீட்டர் நிக்கும், கத்தி மாளாது. மெஷின் என்ன பேரைக் காட்டுதோ அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம், அதுதான் எங்க வழக்கம். 'டேய் கொண்டல்சாமி, இன்னும் ஓரமாப் போ'ன்னேன். போனான். கொஞ்ச நேரம் கழிச்சு, 'டேய் கொண்டல்சாமி, கல்லு வைல டயருக்கு.' வச்சான். ஒன்றரை மணி நேரத்துல ஒரு ஏழெட்டுத் தரம் கூப்பிட்டிருப்பேன். முதல்ல எல்லாரும் சிரிச்சான். பிறகு சிரிப்பைக் காணோம். வயசான டிரைவர் ஒருத்தர் வந்தாரு. 'சார், கொண்டல்சாமி இந்த ரோட்டுல முப்பது வருஷம் வண்டி ஓட்டின மனுசன். அந்தப் பேரை மைக்குல இப்படிக் கூப்பிடாதீங்க'ன்னாரு. ஓய், உம்ம வண்டி எத்தனாவது நிக்கு, அங்க போய் நில்லும்னு அனுப்பிட்டேன். சிபாரிசுக்கு வாறாரு.

ரெண்டரை மணிக்கு வண்டியில ஆளைக் காணோம். குழாயடிக்குத் தண்ணி பிடிக்கப் போயிருக்கான். பின்னால வண்டி ஆரன் அடிக்கு, வழி மறிச்சு நிக்கு இவன் டிரெய்லர். மைக்கை எடுத்து, 'டேய் கொண்டல்சாமி, எங்கல போய்ச் செத்த'ன்னேன். நாம சொல்லுறதுதானே? காணாமப் போனவனைக் கூப்பிட வேற எப்படிச் சொல்லுவீங்க?

வாரான். வீல் கழட்டுற லிவரைத் தூக்கிட்டு வாரான். கை நீளத்துக்கு இருக்கும் அது, முனை தட்டையா. ஓடியும் வரல. நடந்துதான் வந்தான். அதுதான் எனக்கு இன்னும் மறக்கல. நான் இருந்த கேட் கூண்டுக்குள்ள வந்து மைக்கைத்தான் முதல்ல அடிச்சான். அது ஸ்பீக்கர்ல டமார்னு கேட்டுச்சு. அடுத்தது என் தாடை. அதுவும் ஸ்பீக்கர்ல கேட்டிருக்கு, வரிசையில நின்னவங்க சொன்னாங்க. பல்லு நாலும் நாக்குல கிடக்கு, பட்டாணி மாதிரி. துப்புறேன், வாய் மூட மாட்டேங்கு. மூணாவது அடி தோள்பட்டையில. நாலாவது தலைக்கு வந்தது, குனிஞ்சுட்டேன், பின்னால இருந்த பீரோ மடங்கிப் போச்சு. அது மட்டும் மண்டையில பட்டிருந்தா இன்னைக்கு உங்ககூடப் பேசிட்டு வருவேனா?

கையில மெஷின் இருந்தது. அதாலேயே அவன் மூக்குல வச்சேன். ஒண்ணு. ரெண்டு. மூணாவதுல கண்ணாடி தெறிச்சுது, அவன் புருவம் வாயைப் பிளந்த மாதிரிப் பிளந்து தொங்கிச்சு. விழுந்துட்டான். எங்க ஆளுக ரெண்டு பேரு காலைப் பிடிச்சுக்கிட்டாங்க, ஒருத்தன் கழுத்துல முட்டிபோட்டான். நான் எந்திரிச்சு, அவன் வலது கையைப் பூட்ஸால மிதிச்சேன். சிமெண்டுத் தரை. விரலு ஒவ்வொண்ணா உடையுற சத்தம் கேக்கும், காஞ்ச முருங்கைக் குச்சி மாதிரி. எத்தனை தரம் மிதிச்சேன்னு எண்ணல. அவன் கத்தல. 'எங்கப்பா, எங்கப்பா'ன்னு மட்டும் சொல்லிட்டே கிடந்தான். வலியில யாரும் அம்மான்னுதானே சொல்லுவான். இவன் அப்பாங்கான்.

இதெல்லாம் கோபத்துல செஞ்சது இல்லை. தற்காப்பு. லிவர் அவன் கைமேலேயே விழுந்துட்டுன்னு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்திருக்கேன்.

மெஷின் தரையில கிடந்தது. உடைஞ்ச கண்ணாடிக்குள்ள பச்சை இன்னும் எரிஞ்சுட்டுத்தான் இருந்துச்சு.

ஆஸ்பத்திரியில இருக்கும்போதுதான் சொன்னாங்க. அந்த மெஷின் அப்பன் பேரை முதல் வரியில போடுமாம். அம்பை அமுக்கினாத்தான் சொந்தப் பேரு கீழே வருமாம். அவன் அப்பன் செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு, அன்னைக்குத்தான் முதல் லோடு எடுத்திருக்கான். சரி, இருக்கட்டும். அதை வந்ததுமே சொல்லியிருக்கலாம்ல? சார், எங்கப்பா செத்துட்டாருன்னு ஒரு வார்த்தை. 'வரமாட்டாரு'ன்னா நான் என்னத்தைக் கண்டேன்?

கொலை முயற்சி கேஸ். நான்தான் முதல் சாட்சி. நான் சொல்லுறதுதான் கேஸு. உறுதியாச் சொன்னா ஏழு வருஷம் பத்து வருஷம் உள்ளே போவான்னாங்க.

போன மாசம் அவன் பொண்டாட்டி வீட்டுக்கு வந்துச்சு. ஒரு சீப்பு வாழைப்பழம், இடுப்புல ஒரு பிள்ளை. அவர் அடிச்சது தப்புதான் ஐயா, மூணு விரல் மடங்கல, இனிமே ஸ்டியரிங் பிடிக்க முடியாது, ஜெயிலுக்கும் போயிட்டா நாங்க எங்க போவோம்னு கேட்டுச்சு. ராஜியாப் போயிடலாம்னுச்சு. நான் கல்நெஞ்சுக்காரன் இல்லை. ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டேன். அதே கேட்டுல, அத்தனை டிரைவரும் பாக்க, அவன் என் கால்ல விழணும். அந்தப் பொண்ணு பிள்ளையை இடுப்பு மாத்தி வச்சுக்கிச்சு.

'விழச் சொல்லுதேன் ஐயா. நீங்களும் ஒரு வார்த்தை சொல்லணும். எங்க மாமனாரை அப்படிக் கூப்பிட்டது தப்புன்னு, அதே மைக்குல.'

பழத்தைத் தூக்கித் தெருவுல எறிஞ்சேன். பிள்ளை அலறிட்டு. மெஷின்ல இருந்ததைப் படிச்சதுக்கு நான் மன்னிப்பு கேக்கணுமாம். கதவைச் சாத்தும்போது அந்தப் பொண்ணு கை நடுவுல மாட்டிச்சு, அது தெரியாம நடந்தது.

இன்னைக்கு வாய்தா. கோர்ட்டு வராந்தாவுல நிக்கேன். டவாலி வந்து, 'ஜி. சுடலையாண்டி, சுடலையாண்டி, சுடலையாண்டி'ன்னு மூணு தரம் கூப்பிட்டான். என் பென்சன் புத்தகத்தைப் பாத்து ஸ்டேஷன்ல எழுதியிருக்காங்க. 'ஆஜர்'னு சொல்லிட்டுப் போய்க் கூண்டுல ஏறிட்டேன். பழக்கந்தானே. ஜட்ஜ் ஒரு அம்மா. சத்தியம் வாங்கினாங்க. அரசு வக்கீல் கேட்டதுக்கெல்லாம் கடகடன்னு சொன்னேன். தாடையைத் தொட்டுக் காமிச்சேன். லிவரைக் காமிச்சேன். உடைஞ்ச மெஷினைப் பாலிதீன் பையில போட்டு மேசை மேல வச்சிருந்தாங்க. எல்லாம் நல்லாத்தான் போயிட்டு இருந்தது.

அப்புறம் அவன் வக்கீல் எந்திரிச்சான். குட்டையா, தடிக் கண்ணாடி போட்டவன். பச்சை, மொட்டை, இளவட்டம், எல்லாம் கேட்டு முடிச்சான். பிறகு பேப்பரைப் புரட்டிட்டு, உங்க பேரு என்னன்னான். குருநாதன்னேன். சாட்சிப் பட்டியல்ல அப்படி ஒரு பேரே இல்லையே, சுடலையாண்டின்னுல்லா இருக்குங்கான். அது எங்கப்பா பேருன்னேன்.

'அப்ப சாட்சி உங்கப்பாதான். நீங்க எதுக்கு வந்தீங்க? அவரைக் கூப்பிடுங்க.'

'அவர் வரமாட்டாரு'ன்னேன்.

'ஏன் வரமாட்டாரு? எங்கயும் தண்ணி போட்டுட்டுக் கிடக்காரா?'

கூண்டை எப்படித் தாண்டினேன்னு தெரியல அண்ணாச்சி. அவன் கழுத்துப் பட்டையைச் சேத்துப் பிடிச்சு மேசைமேல தள்ளி, மண்டையை ரெண்டு இடி. கண்ணாடி எங்கயோ போச்சு. கட்டு கட்டா பேப்பர் பறக்கு. மூணு போலீஸ்காரங்க என்னைப் பிரிச்சு எடுத்தாங்க. ஒருத்தன் என் தாடையிலயே முழங்கையை வச்சுட்டான், தகடு நகண்ட மாதிரி இருக்கு. அந்த வக்கீலுக்கு அப்படிப் பேச எங்கிருந்து வாய் வந்துதுன்னு எனக்கு இன்னும் புரியல. செத்த மனுசன். நல்ல மனுசன். பீடி கூடக் குடிக்க மாட்டாரு. வாய்க்கால்ல தண்ணி பாய்ச்சிட்டு வந்து, நான் பட்டாளத்துல இருந்து எழுதின லெட்டரை அடுத்த வீட்டு வாத்தியாரைப் படிக்கச் சொல்லிக் கேப்பாராம். ஒரே லெட்டரை நாலு தரம்.

ஜட்ஜ் அம்மா என்னை உடனே உள்ளே தள்ளியிருக்கலாம். தள்ளல. தண்ணி குடுக்கச் சொன்னாங்க. ஏன் இப்படிச் செஞ்சீங்க, நிதானமாச் சொல்லுங்கன்னாங்க. சொன்னேன்.

'அம்மா, எங்கப்பா செத்துப் போயிட்டாரு. செத்த மனுசன் பேரை இத்தனை பேரு முன்னாடி அப்படிச் சொன்னா எவன்மா கையைக் கட்டிட்டு நிப்பான்? யாரா இருந்தாலும் அடிப்பான்.'

அந்தம்மா டைப் அடிக்கிறவரைப் பாத்து மெதுவா, ஒவ்வொரு வார்த்தையாச் சொன்னாங்க. 'யாரா இருந்தாலும், அடிப்பான்.' அவரும் அடிச்சுட்டாரு. வக்கீல் தரையில தடவித் தடவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டு, 'வேற கேள்வி இல்லை'ன்னு உக்காந்துட்டான். அரசு வக்கீல் நெத்தியைப் பிடிச்சுக்கிட்டாரு. வெளியே வந்ததும் என்னைக் காய்ச்சி எடுத்துட்டாரு. கேஸை உம்ம வாயாலேயே முடிச்சுட்டீரே, அவன் வீட்டுக்குப் போயிருவான், நீரு அந்தக் கைக்குப் பதில் சொல்லணும் பாருமேன்னாரு. நான் என்ன சொல்லிட்டேன்? எங்கப்பாவைப் பத்தித்தானே சொன்னேன்.

அவன் அந்தப் பக்கம் நின்னான். வேம்புராஜ். மடங்காத விரலை இன்னொரு கையால பிடிச்சுக்கிட்டு என்னையே பாத்துட்டு நின்னான். ஒன்னேகால் வருஷம் ஆச்சுல்லா. தலை நிறைய முடி, கட்டையா மீசை. மெஷின்ல பாத்த அதே முகம். சந்தேகமே இல்லை, அவன்தான். கண்ணுல இருந்து பொலபொலன்னு ஊத்துது அவனுக்கு. ஜெயிச்சவன் எதுக்கு அழுதான்னு தெரியல.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஒரு சலூன். முகம் மழிக்கத்தான் போனேன். என்ன செய்யணும்னாரு, மொட்டைன்னு வாயில வந்துட்டு. வெயில் அப்படி. தலையை எடுத்து முடிச்சாரு. மீசைன்னாரு. எடுங்கன்னேன். கத்தி அப்படியே நின்னுச்சு. எட்டி ரேடியோவை அணைச்சாரு.

'அப்பாவா சார்?'

ஆமான்னேன்.

'எப்போ?'

பத்தொன்பது வருஷமாச்சுன்னேன். சிரிப்பாருன்னு பாத்தேன். சிரிக்கல. தண்ணியைத் தொட்டு மீசையில தடவி, தலையை நிமித்துங்க சார்னாரு.

வெயிலுக்குத்தான் அண்ணாச்சி எடுத்தது. அந்த ஜன்னலை நல்லா இழுத்துச் சாத்துங்க. தாடை வலிக்கு. அதான் கண்ணுல தண்ணி வருது, வேற ஒண்ணும் இல்லை.